போனில் மட்டும் மக்கர் செய்யும் பட்டன்

கேள்வி: எம்.சி. ரோட்டில் அண்ணன் துணிக்கடை வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் நான்தான் கடைக்கு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். ஆடித் தள்ளுபடி பேனர் சேர்த்ததிலிருந்து ‘ஆர்டர் செய்’ பட்டனைப் போனில் அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை, கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது. பட்டனை இயக்கும் நிரலான ஸ்கிரிப்டை முழுக்க மாற்றி எழுதியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, முதலில் ஸ்கிரிப்டிலிருந்து கையை எடுங்கள். அதே ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டரில் ஓடுகிறதென்றால் தப்பு பெரும்பாலும் அதில் இருக்காது. விரல் பட்டனைத் தொடவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பேனர் பெட்டிக்குப் பொசிஷன் அப்சல்யூட் என்று, அதாவது மற்றவற்றோடு வரிசையில் நிற்காமல் அவற்றின் மேல் மிதக்கும்படி, கொடுத்திருந்தால், அகலமான திரையில் ஒழுங்காக மேலே நிற்கிற பெட்டி போனின் குறுகிய திரையில் கீழே நீண்டு பட்டனை மூடிவிடும், பின்னணி நிறம் இல்லாவிட்டால் அது கண்ணுக்கும் தெரியாது, நீங்கள் அமுக்குவதெல்லாம் பேனருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இது ஊகம்தான், சோதித்துவிடலாம். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள், பக்கம் போன் அளவுக்குச் சுருங்கும். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அமுக்கி பட்டன் மேல் மவுஸை வையுங்கள். பட்டனுக்குப் பதில் பேனர் பெட்டியின் பெயர் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

உடனே பட்டனுக்கு இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டு, அதை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, தீபாவளிக்கு இன்னொரு பேனர் போடுவீர்கள், அதுவும் இதே மாதிரி எங்காவது போய் மறைக்கும். பெட்டிக்கு நீங்கள் கொடுத்த பொசிஷன் அப்சல்யூட்டை எடுத்துவிடுங்கள், அது மிதக்காமல் தனக்கென்று இடம் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கட்டும்.

பட்டன் பெயரே சரியாக வந்தால்? அப்போது போனில் பழைய ஸ்கிரிப்ட் கோப்பு தங்கியிருக்கலாம். போனில் இன்காக்னிட்டோவில், அதாவது முன்பு சேமித்த கோப்புகளை எடுக்காத தனி ஜன்னலில், திறந்து பாருங்கள், அங்கே வேலை செய்தால் அதுதான் விஷயம், கோப்பின் பெயரையே மாற்றிவிட்டால் எல்லார் போனிலும் புதியது இறங்கும். அதுவும் இல்லையென்றால் போனைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து குரோம் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு வரி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள், எந்தக் கோப்பில் எந்த வரி என்பது அதிலேயே இருக்கும்.

ஆடிக் கூட்டம் காத்திருக்காது தம்பி. சரியாகும்வரை பட்டனுக்குக் கீழே, பேனர் எட்டாத இடத்தில், கடையின் போன் நம்பரை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.