‘ந தஸ்ய ப்ரதிமா அஸ்தி’ என்பது சிலை வழிபாட்டுக்குத் தடையா?

தடை இல்லை. நீங்கள் காட்டும் யஜுர்வேத வரியில் (32.3) ‘ப்ரதிமா’ என்பதற்கு ‘ஒப்பு’ என்று பொருள் கொள்வதே பொருந்தும், சிலை என்ற பொருளை அதில் ஏற்றிப் படித்ததால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

வரியை முழுதாகப் படித்துப் பாருங்கள்: ‘எவன் பெயர் பெரும்புகழோ, அவனுக்கு நிகரில்லை’ என்றே அது செல்கிறது.

கோயில் வழிபாட்டின் விதிகளை ஆகமங்களில்தான் தேட வேண்டும்: சைவத்துக்குக் காமிகம் முதலியவை, வைணவத்துக்குப் பாஞ்சராத்திரமும் வைகானசமும். மஞ்சளைப் பிடித்து, அருகம்புல் சாற்றி, பிள்ளையாரை அதில் எழுந்தருளச் செய்துவிட்டு, பூசை முடிந்ததும் அதையே நீரில் கரைக்கிறோமே, நாம் வணங்கியது மஞ்சளை அல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால், 1875-இல் தயானந்த சரஸ்வதி தொடங்கிய ஆரிய சமாஜம் இதே வரியை உருவ வழிபாட்டுக்கு எதிராகவே கொள்கிறது. அவர்களும் வேதத்தை உயிராய்ப் போற்றுபவர்கள் என்பதால், அந்த வாசிப்பை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள்.