மேக்கில் டாலி ஓடுமா? வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: ஈரோட்டில் சின்ன ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். கணக்கு முழுக்க டாலிபிரைமில்தான். கடைக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகன் மேக்புக் ஏர் வாங்கலாம் என்கிறான். விற்பவரோ, "உள்ளே விண்டோஸ் போட்டுக் கொடுத்துடறோம், டாலி, பில் பிரிண்டர், கையெழுத்து டோக்கன் எல்லாம் ஓடும்" என்கிறார். நம்பி வாங்கலாமா?
– கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: கடைக்கு என்றால் வேண்டாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்வது சில வருடங்களுக்கு முன்பு உண்மையாகவே இருந்தது.

2006இல் இருந்து மேக்குகளில் இன்டெல் சிப்தான் இருந்தது, விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது போலவே. அதனால் பூட்கேம்ப் என்ற வசதியை வைத்து மேக்கில் நேராகவே விண்டோஸ் ஏற்ற முடிந்தது. கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியது. அதற்கும் இன்டெல்லுக்கும் பாஷையே வேறு. எம் வரிசை மேக்குகளில் பூட்கேம்ப் கிடையாது.

இப்போது உள்ள வழி இது. மேக்குக்குள்ளேயே ஒரு மென்பொருளால் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் விண்டோஸ் 11இன் ஆர்ம் பதிப்பை (எம் வரிசை போன்ற ஆர்ம் வகைச் சிப்புகளின் பாஷையில் எழுதியது) ஏற்றுவார்கள். பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக எம்1, எம்2 மேக்குகளில் இப்படிச் செய்ய 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே அங்கீகாரம் கொடுத்தது. அந்த ஆர்ம் விண்டோஸ், இன்டெல் சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை ஓடும்போதே மொழிமாற்றிக்கொள்ளும். ஆகவே டாலி திறக்கும், வவுச்சரும் போடலாம். கடைக்காரர் இதுவரைக்கும் காட்டிவிட்டு "பாத்தீங்களா?" என்பார்.

சிக்கல் அதற்குப் பிறகு வருவது. கம்ப்யூட்டரில் செருகும் ஒவ்வொரு பொருளுக்கும், அதை விண்டோஸோடு பேச வைக்க டிரைவர் என்று ஒன்று தேவை. அது விண்டோஸின் அடிமட்டத்தில் வேலை செய்வது. மென்பொருளை மொழிமாற்றுகிற விண்டோஸ், டிரைவரை மொழிமாற்றாது. உங்கள் பில் பிரிண்டருக்கும் டோக்கனுக்கும் (டிஜிட்டல் கையெழுத்துப் போடச் செருகும் சின்னக் கருவி) அவற்றைச் செய்த நிறுவனமே ஆர்ம் விண்டோஸுக்கென்று தனி டிரைவர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. என் உறவினர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டு தவித்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். டாலி அருமையாக ஓடியது. பில் மட்டும் வெளியே வரவில்லை. கவுன்ட்டரில் ஆள் நிற்கும்போது அது எவ்வளவு பெரிய தலைவலி என்று உங்களுக்கே தெரியும்.

டோக்கன் விஷயத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கடை தனி உரிமையாளர் பெயரில் இருந்தால் ஜிஎஸ்டி தாக்கலுக்கு டோக்கன் கட்டாயமில்லை. மொபைலுக்கு வரும் ஓடிபி வைத்தே முடிக்கலாம். கம்பெனி, எல்எல்பி என்றால்தான் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். டோக்கன் தேவைதான் என்றால், அதைச் செய்த நிறுவனம் மேக்குக்கு டிரைவர் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் விண்டோஸ் பக்கம் போகாமல் மேக்கிலேயே செருகிக் கையெழுத்துப் போடலாம்.

அப்புறம் செலவு. மேக்கின் விலையோடு பேரலல்ஸுக்கு வருடச் சந்தா வரும். அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரில் இருந்து வியாபாரத்துக்கும் இலவசம், ஆனால் அதை அமைத்துக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதை எடுத்தாலும் விண்டோஸுக்குத் தனியாக லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். விற்பவர் 'போட்டுக் கொடுக்கும்' விண்டோஸுக்கு லைசென்ஸ் பில் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெமரியையும் கவனிக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர் ஓடும்போது இருக்கிற மெமரியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி. மேக்புக் ஏர் 2024 அக்டோபர் வரைக்கும் 8 ஜிபியில்தான் தொடங்கியது. அப்போதுதான் ஆப்பிள் அதை 16 ஆக்கியது. 'ஆஃபர்' என்று கடையில் இருப்பது பழைய 8 ஜிபி சரக்காகவும் இருக்கலாம். மேக்கில் பின்னால் மெமரி சேர்க்கவே முடியாது. இந்த வேலைக்கு 16க்குக் கீழே எடுக்காதீர்கள்.

பூட்கேம்ப் ஓடும் பழைய இன்டெல் மேக்கை செகண்ட் ஹேண்டில் தருகிறேன் என்று யாராவது வந்தால் அதுவும் வேண்டாம். இன்டெல் மேக்குகளுக்கு 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

என் யோசனை: கடைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி விண்டோஸ் 11 ப்ரோ போட்டுக்கொள்ளுங்கள். டாலி, பிரிண்டர், டோக்கன் மூன்றும் அங்கேயே இருக்கட்டும். மகனுக்கு மேக் வேண்டுமென்றால் அது அவன் படிப்புக்காக. வீட்டில் இருந்து கணக்குப் பார்க்க, மைக்ரோசாஃப்ட் மேக்குக்கு இலவசமாகத் தரும் 'விண்டோஸ் ஆப்' வழியாகக் கடைக் கம்ப்யூட்டரையே திறக்கலாம். ஓடுவது அங்கே, தெரிவது இங்கே. ப்ரோ வேண்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான். ஹோம் பதிப்புக்குள் இப்படி வெளியிலிருந்து நுழைய முடியாது. இணைப்பை மட்டும் விபிஎன் (இணையத்தில் உங்களுக்கென்று பூட்டிய தனிப் பாதை) போட்டுத் தரச் சொல்லுங்கள். ரவுட்டரில் வெறுமனே கதவைத் திறந்து வைத்தால் பணம் பறிக்கும் கும்பல் உள்ளே வந்துவிடும்.

கேள்வி: மெக்கானிக்கல் படிக்கும் மகளுக்குக் கோவையில் ஒரு கடையில் விண்டோஸ் லேப்டாப் வாங்கினேன். கல்லூரி சொன்ன வடிவமைப்பு மென்பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். "விண்டோஸ்தானே, ஓடும்" என்றார்கள். இன்ஸ்டால் செய்யும்போதே நின்றுவிடுகிறது. சிப் ஸ்னாப்டிராகன் என்பதால் என்கிறார் கல்லூரி ஆசிரியர். கடையில் திரும்ப வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: ஆசிரியர் சொன்னது சரியான காரணமாகத்தான் தெரிகிறது. முதல் பதிலில் சொன்ன அதே கதை, இங்கே விண்டோஸ் பெயரிலேயே வந்திருக்கிறது. 2024 ஜூனில் இருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் வைத்த லேப்டாப்கள் நிறைய வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், சூடாகாது. பிரௌசர், எக்ஸெல், வீடியோ என்று பயன்படுத்துபவருக்கு நல்ல பொருள். ஆனால் அது ஆர்ம் சிப். பெரிய வடிவமைப்பு மென்பொருள்களும், அவை லைசென்ஸைச் சோதிக்க உள்ளே வைக்கும் டிரைவர்களும் அங்கே தடுமாறும்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எந்த இடம் என்று தெரிந்து பேச வேண்டும். லேப்டாப்பில் குறை இல்லை. அது செய்ய வேண்டியதைச் செய்கிறது. "பழுதான பொருள்" என்று வாதாடினால் கடைக்காரர் ஆன் செய்து காட்டிவிட்டுப் போவார். உங்கள் வழக்கு அவர் சொன்ன வார்த்தையின் மேல்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்று ஒன்று உண்டு. பொருளின் பயன்பாடு பற்றி உண்மையல்லாததைச் சொல்லி விற்பது அதில் வரும், எழுத்தில் சொன்னாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி.

வாயால் சொன்னதை நிரூபிப்பதுதான் கஷ்டம். வாங்கும் முன் கடையோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த மென்பொருளின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. கல்லூரி கொடுத்த தேவைப் பட்டியல், பில், இன்ஸ்டால் நிற்கும் திரையின் படம், அந்த மென்பொருள் நிறுவனம் ஆர்ம் சிப்பை ஆதரிக்கவில்லை என்று சொல்லும் பக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கடைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பணத்தை மட்டும் கேட்காமல், அதே விலையில் இன்டெல் அல்லது ஏஎம்டி மாடல் மாற்றிக் கொடுத்தாலும் சம்மதம் என்று எழுதுங்கள். கடைக்கு அது எளிது. பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் திருப்பூரில் இருப்பதால் அங்கேயே தாக்கல் செய்யலாம், கோவைக்கு அலைய வேண்டாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டில் இருந்தும் முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள், மகளுக்குப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்குக் கல்லூரி ஆய்வகத்தில் கூடுதல் நேரம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிவகாசியில் டிடிபி வேலை செய்கிறேன். இருபது வருட காலண்டர், அழைப்பிதழ் வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7இல், பழைய தமிழ் எழுத்துருக்களில் உள்ளன. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் சாகும் நிலையில் இருக்கிறது. புது மேக் வாங்கினால் இந்த ஃபைல்கள் திறக்குமா?

பதில்: மேக்கில் நேராகத் திறக்காது. எம் வரிசை மேக்கில் யூடிஎம் போன்ற மென்பொருள் வைத்து எக்ஸ்பியை ஓட்டலாம். ஆனால் அங்கே சிப்பையே முழுதாகப் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் மிக மெதுவாக இருக்கும். தினசரி வேலைக்கு ஆகாது.

சாதாரண இன்டெல் கம்ப்யூட்டர் வாங்குங்கள். அதில் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் இலவசமான விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, உள்ளே எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் உங்கள் எழுத்துருக்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாஷை பேசும் சிப் என்பதால் வேகமாக ஓடும். அந்த எக்ஸ்பிக்கு மட்டும் இணையம் கொடுக்காதீர்கள். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஹார்ட் டிஸ்க்கை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சிஎஸ்6 வரையிலான பழைய இன்டிசைன்கள்தான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். இப்போது சந்தாவில் வருவது திறக்காது. சிஎஸ்6 வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் மாற்றிக்கொள்ளலாம். அப்படியும் தமிழ் எழுத்துகள் பழைய எழுத்துருவின் குறியீட்டிலேயே இருக்கும். யூனிகோடுக்குத் தனியாக மாற்றி, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். இருபது வருட வேலையை மொத்தமாக மாற்ற முயலாதீர்கள். திரும்ப ஆர்டர் வருவதை மட்டும் மாற்றுங்கள், மற்றதைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். மேக்கிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளன.

கேள்வி: என் லேப்டாப் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்கிறது. லினக்ஸ் போட்டால் என் விண்டோஸ் மென்பொருள்கள் ஓடுமா?

பதில்: சில ஓடும். வைன் என்ற இலவச மென்பொருள் 1993 முதல் இதற்காகவே வளர்ந்து வருகிறது. விண்டோஸே இல்லாமல், மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லும். சிப் மாறவில்லை என்பதால் வேகமும் குறையாது. சின்ன மென்பொருள்களும் பல விளையாட்டுகளும் நன்றாக ஓடுகின்றன. புது எம்எஸ் ஆபீஸ் தொல்லை கொடுக்கும். வைனையே கட்டணத்தோடு மெருகேற்றித் தருவது கிராஸ்ஓவர். 14 நாள் இலவசமாகப் பார்க்கலாம். லினக்ஸை முதலில் ஒரு பென் டிரைவில் இருந்து ஓட்டி, வைஃபை, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்துவிட்டது. அதிலேயே வங்கி வேலை பார்ப்பதைவிட இந்தச் சிரமம் மேல்.

கேள்வி: ஆன்லைனில் 499 ரூபாய்க்கு 'வாழ்நாள் விண்டோஸ் கீ' விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்படி வருபவை பெரும்பாலும் நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கீகள், அல்லது வேறொரு கம்ப்யூட்டரோடு விற்ற கீகள். இன்று ஏற்றுக்கொள்ளும், மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் நாளில் உங்கள் விண்டோஸும் லைசென்ஸ் இல்லை என்று காட்டும். விற்றவரைத் தேடினால் கடையின் பெயரே மாறியிருக்கும். பழைய லேப்டாப்போடு வந்த விண்டோஸையும் மேக்குக்குள் கொண்டுபோக முடியாது, அது அந்தப் பெட்டியோடு சேர்ந்தது.