வியாசர்பாடி ஊசி மரணங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

சகோ, உங்க தெருவில் வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டு ரெண்டு பசங்க செத்துட்டாங்க, இன்னொண்ணு நடக்காம இருக்க சங்கம் என்ன செய்யலாம்னு கேட்டிருக்கீங்க. மனசு ஆறல.

யார் வித்தான்கிறதை போலீஸ் பாக்கட்டும். நீங்க அந்தப் பசங்களோட கடைசி மாசத்தில் என்ன நடந்ததுன்னு தேடுங்க. ஜெயில்லேர்ந்தோ மறுவாழ்வு மையத்துலேர்ந்தோ வந்த புதுசா? கொஞ்ச நாள் விட்டாலே உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிடும், பழைய அளவே உயிரை எடுக்கும். தனியா போட்டானா? கூட இருந்தவங்க கேஸுக்குப் பயந்து 108-ஐக் கூப்பிடலையா? குறட்டை விட்டுத் தூங்குறான்னு விட்டுட்டாங்களா? எழுப்பினாலும் எழாத அந்தக் குறட்டை, மூச்சு அடங்குறதோட அறிகுறி. இதைத் தெருவில் எல்லாருக்கும் சொல்லணும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 2014-ல் இதுக்குச் சட்டமே போட்டாங்க. சுகாதாரத் துறை, மருத்துவமனை, போலீஸ் எல்லாரும் சேர்ந்து போதை அளவு மீறின சாவுகளை ரகசியமா அலசுறாங்க. உங்க சங்கத்துக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதனால பேர் எழுதாதீங்க, வாட்ஸப்பில் போடவே போடாதீங்க. காரியம் முடிஞ்சப்புறம், வீட்டுக்காரங்க சம்மதிச்சா மட்டும் பேசுங்க.

தெரிஞ்சதை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. இப்பவும் ஊசி போடுற பசங்களுக்கு 14446 நம்பரைக் கொடுங்க, போதை மீட்புக்கான இலவச எண்.