துடுப்பே போடாத காக்ஸுக்கு எதற்குத் தங்கப் பதக்கம்?

ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டியில் எட்டுப் பெண்கள் மூச்சிரைக்கத் துடுப்பு வலிக்கிறார்கள், பின்னால் காக்ஸ் என்று ஒருத்தி உட்கார்ந்து கத்துகிறாள், அவளுக்கும் அதே தங்கமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். அப்பா இளவயதில் கரைவலைப் படகில் தண்டு வலித்தவர். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அமரத்தில் நிற்பவர் கையில் நீளமான துடுப்பு ஒன்றுதான் இருக்கும். ஆனால் எந்த அலையில் ஏறுவது, எப்போது இழுத்து வலிப்பது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். காக்ஸ் என்பதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

எட்டுப் பேர் படகில் வலிப்பவர்கள் எல்லோரும் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார்கள். 2000 மீட்டர், ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். இறுதிக்கோடு எங்கே என்று காக்ஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். சுக்கானை அதிகம் திருப்பினால் படகின் வேகம் செத்துவிடும், அதனால் தொட்டும் தொடாமலும் திருப்ப வேண்டும். மைக்கில் எண்ணிக்கை சொல்ல வேண்டும். யார் சோர்கிறார் என்று துடுப்பு நீரில் விழுவதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். எடை 55 கிலோவுக்குக் குறைந்தால் மிச்சத்துக்குப் பாரம் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அது வேறு!

கனடாவின் காக்ஸ் லெஸ்லி தாம்சன் வில்லியைப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளி, 1992 பார்சிலோனாவில் தங்கம். 2016 ரியோ அவருக்கு எட்டாவது ஒலிம்பிக், வயது 56. வலிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள், இவர் அமரத்தை விடவில்லை. சும்மா உட்கார்ந்து கத்துவதற்காக ஒரு நாடு முப்பது வருடம் ஒருவரை வைத்திருக்குமா?

2012 லண்டன் இறுதிப் போட்டியை அப்பாவோடு டிவியில் பார்த்தேன். மேரி விப்பிள் ஓட்டிய அமெரிக்கப் படகு தங்கம், லெஸ்லியின் படகு வெள்ளி. அப்பாவுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. இருந்தும், "இந்தா, இப்ப வேகத்தைக் கூட்டச் சொல்றா பாரு" என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜெயித்தவர்கள் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடுவது அங்கே வழக்கம் என்று அவரிடம் அப்புறம் சொன்னேன். நம்பவே இல்லை. "அமரத்துல இருக்கிறவளைத் தூக்கிப் போட்டுட்டா, படகை யாரு கரை சேக்குறது?"