மஞ்சள் விளக்கும் மழுப்பல் பதிலும்: நுகர்வோர் கேள்வி-பதில்

போன மாதம் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ வைத்த கார்களின் வாரண்டி பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் இன்ஜின் விளக்கைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கம்பெனிப் பெயர்களையும் திட்டுகளையும் எடுத்துவிட்டேன். திட்டுகளில் சில நன்றாகவே இருந்தன.

எட்டு மாதத்துக்கு முன் 12 லட்சம் கொடுத்து டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். இதுவரை நான்கு முறை இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ‘கிளியர் பண்ணிட்டோம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி எரிகிறது. என்ன கோடு (கோளாறுக் குறியீடு) என்று கேட்டால் ‘சென்சார் கோடு’ என்கிறார்கள். — கோயம்புத்தூர் வாசகர்

‘சென்சார் கோடு’ என்று ஒரு கோடு கிடையாது. ஒவ்வொரு கோடுக்கும் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும் உண்டு. பி0299 என்றால் டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பி0420 என்றால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று கோடு சொல்லாது. எங்கே கணக்கு உதைக்கிறது என்று மட்டும் சொல்லும், மீதியை மெக்கானிக்தான் தேடவேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு நேரமில்லை.

கோடு பதிவாகும்போது அதனுடன் ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒன்றும் பதிவாகும். அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகம், கூலன்ட் எவ்வளவு சூடு, இன்ஜினுக்கு எவ்வளவு பாரம் எல்லாம் அதில் இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. கோடு பதிவை அழித்தால் இதுவும் சேர்ந்து அழியும். ஆக, உங்கள் வண்டியில் நான்கு முறை திருட்டு நடந்தது, நான்கு முறையும் போலீஸே வந்து கைரேகையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது என் பழைய புண்ணைக் கொஞ்சம் சொறிந்துகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டு, அதாவது நம் புகாரை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் சீட்டு. வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் ஏதோ தட்டி, ‘இங்க ஒரு சைன் சார்’ என்று நீட்டுவார். நாமும் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போடுவோம். என் முந்தைய காருக்கு மூன்று வருட வாரண்டி. இதே விளக்குக்காக ஆறு முறை போனேன். ஏழாவது முறை போனபோது வாரண்டி முடிந்து பதினோரு நாள். ‘இதுதான் ஃபர்ஸ்ட் டைமா சார்?’ என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறிலும் ‘ஜெனரல் செக்-அப்’. ஆறிலும் என் கையெழுத்து, அழகாக, தேதியோடு.

அதனால் அடுத்த முறை புகாரை நீங்களே வாக்கியமாகச் சொல்லி எழுதவையுங்கள்: ‘80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் முந்தும்போது இழுவை போனது, இன்ஜின் விளக்கு எரிந்தது, இது ஐந்தாவது முறை.’ அட்வைசர் அதைச் சுருக்க வந்தால் விடாதீர்கள். விளக்கு எரிவதை ஓடோமீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுங்கள், அல்லது பிரிண்ட் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அன்றே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: தேதி, ஜாப் கார்டு எண், கேட்டது, மறுத்தது. நான்கு வரி போதும். இலக்கியம் வேண்டாம்.

அதற்கும் அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேதான். உங்கள் 12 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. கார் வாங்கியது வேறு ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த நல்ல வசதி இது. காலக்கெடு இரண்டு வருடம். ஆனால் புதுக் காரையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், உற்பத்திக் குறைபாடு என்று நிபுணர் அறிக்கை இல்லாமல் நிற்பது கஷ்டம். ஆணையமே பரிசோதனைக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது, மனுவில் அதையும் கேளுங்கள்.

மஞ்சள் விளக்கு மூன்று வாரமாக எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா? — தஞ்சாவூர் வாசகர்

மூன்று வாரம் ஓட்டிவிட்டு அனுமதி கேட்கிறீர்கள். நாளை காலை சர்வீசுக்கு விடுங்கள். ‘எரிவது தெரிந்தும் ஓட்டினார்’ என்று வாரண்டியை மறுக்க நீங்களே பேனா எடுத்துக் கொடுக்காதீர்கள்.

விளக்கு எரியவில்லை, விட்டுவிட்டு மின்னுகிறது. வண்டியும் குலுங்குகிறது. அவசரமா? — திருநெல்வேலி வாசகர்

ஓரமாக நிறுத்தி, அணைத்து, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அதைத்தான் விளக்கு மின்னிச் சொல்கிறது. இதைக் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறீர்களே!

ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது, விளக்கும் எரிந்தது. சர்வீஸில் பி0299, டர்போவையே மாற்றவேண்டும், 70 ஆயிரம் என்கிறார்கள். ஒரு தடவை வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியதால் வாரண்டி கிடையாதாம். கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தான் ஊற்றினேன், பில் இருக்கிறது. — சேலம் வாசகர்

முதலில் டர்போ. அந்தக் கோடு வந்ததும் டர்போவை மாற்றச் சொல்வது, தலைவலி என்றதும் தலையை எடுக்கச் சொல்வது போல. இன்ஜின் கேட்ட அழுத்தம் வரவில்லை என்பதுதான் தகவல். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் இதே கோடுதான் வரும். ஹோஸில் விரிசல், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் சிக்கிக்கொள்வது, அந்த அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரில் கரி படிவது, எல்லாவற்றுக்கும் அதே. அழுத்தம் ஏற ஏற ஓட்டை வாய் திறக்கும், அதனால்தான் சமதளத்தில் சும்மா இருந்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவில் காட்டிக்கொடுக்கிறது.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்து, ஹோஸ் இணையும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. ஒரு இணைப்பில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் வளையமாக இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஏறும்போது ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டதா என்றும் யோசியுங்கள். சர்வீஸில் புகை விட்டுக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்தார்களா, ஆக்சுவேட்டரைச் சோதித்தார்களா, டர்போ தண்டின் ஆட்டத்தைப் பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்றும் செய்யாமல் 70 ஆயிரம் என்றால், அது அந்த மாத டார்கெட்.

அப்புறம் ஆயில். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் உதிரிபாக விவகாரத்தில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கு மேல்முறையீடு அது இது என்று நீண்டது வேறு கதை. வாதம் இன்றும் சரியான வாதம். அந்த ஆயிலால் இந்தக் கோளாறு எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது, ஆயில் தப்பென்றால் சேதம் கண்ணில் தெரியும், காட்டட்டும். பில்லை ஸ்கேன் செய்து வையுங்கள், வெயிலில் அழிந்துபோகும் காகிதம்.

இன்ஜின் சக்தியைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ் மாட்டியிருந்தேன். சர்வீஸுக்கு முன் கழற்றிவிட்டேன். கண்டுபிடிப்பார்களா? — ஓசூர் வாசகர்

கண்டுபிடிக்கட்டும்.

வாங்கி ஐந்து மாதம். எலி வயரைக் கடித்து விளக்கு எரிகிறது. வாரண்டியில் வராது என்கிறார்கள். இது அநியாயம் இல்லையா? — மடிப்பாக்கம் வாசகி

வருத்தம்தான், ஆனால் அநியாயம் இல்லை அம்மா. எலியை கம்பெனி தயாரிக்கவில்லை. முழு இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியை எடுத்து விதிவிலக்குகளைப் படியுங்கள், வயரிங் சேதத்துக்கு அங்கே வழி இருக்கலாம். பழுது பார்க்கும் முன்பே கடித்த இடத்தைப் படம் எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். இன்ஜின் பக்கம் புகையிலைக் கட்டு தொங்கவிடச் சொல்வார்கள். நானும் தொங்கவிட்டேன். எங்கள் தெரு எலிக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது போலிருக்கிறது.

தினமும் ஆபீசுக்கு நான்கு கிலோமீட்டர். மைலேஜ் நன்றாக வரும் என்று டர்போ டீசல் வாங்கினேன். டிபிஎஃப் விளக்கு, அப்புறம் இன்ஜின் விளக்கு. ‘நீங்கள் ஓட்டும் விதம்’ என்று சொல்லிப் பணம் வாங்கிச் சுத்தம் செய்தார்கள். மறுபடி வந்துவிட்டது. — சென்னை, அண்ணா நகர் வாசகர்

நான்கு கிலோமீட்டருக்கு டீசலா? மைலேஜில் மிச்சம் பிடிக்கும் பணம் மாதத்துக்கு ஒரு காபி செலவுக்குத் தேறுமா? சரி, வாங்கியாகிவிட்டது. பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். அந்தக் கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நான்கு கிலோமீட்டரில் இன்ஜினே சரியாகச் சூடாகியிருக்காது, அதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஒரு ஓட்டம், வாராவாரம் அதையே பழக்கமாக்குங்கள். இன்ஜின் விளக்கும் சேர்ந்துவிட்டால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கரியை எரித்து முடிக்காத முயற்சிகளில் டீசல் ஆயிலோடு கலந்துவிடும், அது டர்போவுக்கு விஷம்.

உங்களைத் திட்டிவிட்டேன், இப்போது விற்றவர்களை. உங்கள் தினசரி ஓட்டத்தைக் கேட்ட பிறகும் டீசலைத் தள்ளினார்களா? வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சு இருக்கிறதா? இருந்தால் சுத்தம் செய்த பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே போதுமான ஆரம்பம்.

‘பெட்ரோல் கலப்படம், வாரண்டி இல்லை’ என்று வாய்ப்பேச்சாகச் சொல்கிறார்கள். 2024 மாடல் டர்போ. — மதுரை வாசகர்

வாய்ப்பேச்சுக்கு வாய்ப்பேச்சாக ‘நிரூபியுங்கள்’ என்று சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். டேங்கிலிருந்து எடுத்த மாதிரி எங்கே, அதைச் சோதித்த அறிக்கை எங்கே? எடுக்கும்போது நீங்களும் கூட இருந்து, சீல் வைத்து, ஒரு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாகப் பெட்ரோல் போட்ட பில்களைத் தேடி எடுங்கள். சந்தேகமிருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனையும் 5 லிட்டர் அளவுச் சோதனையும் கேட்கலாம், காசு கிடையாது. பெட்ரோலில் கலந்த 20 சதவீத எத்தனால்தான் காரணம் என்று கதை திரும்பினால் பெட்ரோல் மூடிப் பக்கம் ஒட்டியிருப்பதையும் கையேட்டையும் பாருங்கள். இ20 என்று அவர்களே எழுதி விற்றிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

பழைய டர்போ டீசல் ஒன்று வாங்கினேன். பார்த்தபோது விளக்கு இல்லை. மூன்றாம் நாள் எரிந்தது. விற்றவர் ‘அப்போ எரியலையே’ என்கிறார். — ஈரோடு வாசகர்

அப்போது எரிந்திருக்காது, உண்மைதான். காலையில் அழித்திருப்பார். அழித்தால் வண்டியின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று திரும்பிவிடும், அவை மறுபடி முடியச் சில நாள் ஓடவேண்டும். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கத்தில் இது தெரியும். பல வண்டிகளில் கோடு அழித்தபின் ஓடிய கிலோமீட்டரே வரும். 60 ஆயிரம் ஓடிய வண்டியில் அது 9 கிலோமீட்டர் என்றிருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ஏமாந்தவன். நான் வாங்கிய பழைய காரில் அந்த விளக்கு எரியவே இல்லை, ஒரு வருடம். சாவியை ஆன் செய்ததும் எல்லா விளக்கும் ஒரு கணம் எரிந்து அணையவேண்டும், இதுவும் சேர்த்து. நான் கவனிக்கவில்லை. வேறு வேலைக்காக மீட்டரைக் கழற்றிய மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்குக்கு மேல், அளவாக வெட்டி ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப்.

விற்றவர் பழைய கார் வியாபாரி என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தன் சொந்தக் காரை விற்ற தனி ஆள் என்றால் அந்தச் சட்டம் உதவாது, சிவில் கோர்ட்டுதான். கம்பெனி வாரண்டி மிச்சமிருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள எந்த ஸ்கேனர் வாங்கலாம்? மலிவாகச் சொல்லுங்கள். — திருச்சி வாசகர்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, போனில் பார்க்கும் புளூடூத் வகை போதும். படிக்க மட்டும் பயன்படுத்துங்கள், வாரண்டி இருக்கும்வரை ‘அழி’ பொத்தானைத் தொடாதீர்கள். பார்த்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மலிவு என்றீர்களே, நான் ஆன்லைனில் 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கழற்ற மறந்து பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது, ஏற்கெனவே வயதான பேட்டரி, சார்ஜ் ஏறவே இல்லை. புதுசு 5,200. ஆக அந்த ஸ்கேனர் எனக்கு அடங்கியது 5,550 ரூபாய்க்கு.