டிரிப்யூனல் ஆர்டரில் தவறா? எம்.ஏ. போடுவது பற்றிக் கேள்வி பதில்

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தோற்றவர்கள் முதலில் கேட்பது, அவர்களையே கேட்டு ஆர்டரைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பதுதான். 1961 வருமான வரிச் சட்டத்தின் 254(2) பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்த மனுவுக்கு மிஸலேனியஸ் அப்ளிகேஷன் என்று பெயர், எல்லோரும் எம்.ஏ. என்பார்கள். வழி இருக்கிறது, ஆனால் ரொம்பக் குறுகலானது. வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (நூல் வியாபாரி, ஈரோடு): சார், 2025 மார்ச் 14 அன்று எங்கள் மேல்முறையீட்டில் ஆர்டர் போட்டார்கள். ஒரு தவறு இருக்கிறது. நாலு வருஷம் டைம் உண்டு, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: நண்பர் சொல்வது பழைய கதை. நான்கு வருடம் என்பது 2016 மே வரை இருந்தது. அந்த வருட நிதிச் சட்டம் ஜூன் 1 முதல் அதை ஆறு மாதமாகச் சுருக்கிவிட்டது. எண்ணுவது ஆர்டர் தேதியிலிருந்து கிடையாது, ஆர்டர் போட்ட மாதத்தின் கடைசி நாளிலிருந்து. உங்களுக்கு மார்ச் 31லிருந்து எண்ணினால் செப்டம்பர் 30. மார்ச் 2 அன்று ஆர்டர் போட்டிருந்தாலும் அதே செப்டம்பர் 30தான்.

கேள்வி (அவரே): போச்சு சார். ஆனால் காப்பி எங்கள் கைக்கு வந்ததே ஜூன் 20 அன்றுதான். அதைச் சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: கண்டிப்பாகச் சொல்லலாம், உங்கள் பிடியே அதுதான். 254(3)படி ஆர்டர் காப்பியை அனுப்பி வைப்பது தீர்ப்பாயத்தின் கடமை. கையில் கிடைக்காத ஆர்டரில் என்ன தவறு என்று யாரால் சொல்ல முடியும்? 2020ல் கோல்டன் டைம்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஆறு மாதம் என்றது. பழைய நான்கு வருடக் கெடு பற்றி குஜராத் உயர் நீதிமன்றமும் இதே போக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் சட்டத்தின் வாசகம் “ஆர்டர் போட்ட மாதம்” என்றுதான் இருக்கிறது, அதை அப்படியே பிடித்துக்கொள்ளும் பெஞ்சுகளும் உண்டு. தபால் உறை, ஒப்புகை, மின்னஞ்சல் வந்த தேதி, எது இருக்கிறதோ அதை மனுவோடு சேருங்கள். டிசம்பர் 20ஐத் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி (சி.ஏ. மாணவி, மதுரை): “ரெக்கார்டிலிருந்தே தெரியும் தவறு” என்று சட்டம் சொல்கிறது. எது அந்த வகை, எது இல்லை? படிக்கும்போது புரிகிறது, கேஸ் என்று வந்தால் குழம்புகிறது.

பதில்: குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. 1971ல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றும் ஓடுகிறது: பளிச்சென்று தெரிய வேண்டும், நீளமாக வாதாடித்தான் அது தவறு என்று காட்ட வேண்டும் என்றால் அது இந்த வகைத் தவறு இல்லை, இரண்டு கருத்துக்கு இடமுள்ள விஷயமும் இதில் சேராது.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். ஆர்டரின் 7ஆம் பத்தி “கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்கு விவரத்தை மனுதாரர் தாக்கல் செய்யவில்லை, ஆகவே வருமானத்தில் சேர்த்த தொகை உறுதி” என்கிறது. நீங்கள் தீர்ப்பாயத்தில் கொடுத்த பேப்பர் புக்கில், அதாவது ஆவணத் தொகுப்பில், 43ஆம் பக்கம் அதே வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறது. பத்தி 7, பக்கம் 43, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், வாதமே தேவையில்லை. இது எம்.ஏ.

இப்போது 7ஆம் பத்தி “வங்கிக் கணக்கைப் பார்த்தோம், கடன் கொடுப்பதற்கு முந்தைய நாள்தான் அதில் ரொக்கம் விழுந்திருக்கிறது, ஆகவே நம்பவில்லை” என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிவு தப்பாகவே இருக்கட்டும், எம்.ஏ. எடுபடாது. பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்திருக்கிறார்கள், அதை மாற்றச் சொல்வது மறுஆய்வு கேட்பது. மறுஆய்வு அதிகாரத்தைச் சட்டம் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கவே இல்லை.

கேள்வி (வரி ஆலோசகர், சேலம்): முழு ஆர்டரையும் ரீகால் செய்ய, அதாவது திரும்பப் பெற்று மீண்டும் விசாரிக்கச் சொல்லி எம்.ஏ. போட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே?

பதில்: இருந்தார்கள். 2021 டிசம்பரில் வந்த ரிலையன்ஸ் டெலிகாம் தீர்ப்பைப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே 2013ல் வருமான வரித் துறைக்குச் சாதகமாகப் போட்ட ஆர்டரை 2016ல் தீர்ப்பாயமே முழுசாக ரீகால் செய்தது, பம்பாய் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்துவிட்டது. 254(2) அதிகாரம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் ஆணையில் உள்ள குறுகிய மறுஆய்வு அளவுக்குத்தான் (முடிவையே திரும்ப எடைபோடும் மறுஆய்வு இல்லை), வழக்கின் தகுதியைப் பார்த்துக் கொடுத்த முடிவு தவறு என்றால் உயர் நீதிமன்றம் போ என்றது. அதற்கப்புறம் டிபார்ட்மென்ட் பிரதிநிதி எந்த எம்.ஏ.வுக்கும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

அதற்காக ரீகாலே செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பீலில் நீங்கள் எழுப்பிய ஒரு கிரவுண்டை (ஆட்சேபக் காரணத்தை) ஆர்டர் தொடவே இல்லை என்றால் அந்தக் கிரவுண்டுக்கு மட்டும் திரும்ப விசாரிக்கக் கேட்கலாம்.

கேள்வி (அக்கவுண்டன்ட், கோவை): அண்ணா, வாதத்தில் ஒரு தீர்ப்பைச் சொன்னோம், எழுத்திலும் கொடுத்தோம். ஆர்டரில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

பதில்: நல்ல கேஸ் தம்பி. 2007ல் ஹோண்டா சியல் வழக்கு இதேதான். இணையான பெஞ்சின் (அதே தீர்ப்பாயத்தின் இன்னொரு பெஞ்சின்) தீர்ப்பைச் சுட்டியும் ஆர்டரில் விட்டுப்போனது, தீர்ப்பாயமே விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு திருத்தியது, உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2008ல் சௌராஷ்டிரா கட்ச் பங்குச் சந்தை வழக்கு இன்னும் ஒரு படி மேலே: அந்த மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பையோ உச்ச நீதிமன்றத் தீர்ப்பையோ கவனிக்காமல் விட்டால் அதுவே ரெக்கார்டிலிருந்து தெரியும் தவறு.

கேள்வி (சிறு நிறுவனம், அம்பத்தூர்): எங்களுக்கு எதிராக டிபார்ட்மென்டே எம்.ஏ. போட்டிருக்கிறது. ஊழியர் பி.எஃப். பங்கைத் தாமதமாகக் கட்டிய விஷயத்தில் நாங்கள் ஜெயித்தோம், அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் செக்மேட் தீர்ப்பு எதிராக வந்துவிட்டது.

பதில்: செக்மேட் வந்தது 2022 அக்டோபர் 12. உங்கள் ஆர்டர் அதற்கு முன்னால் என்றால், போட்ட நாளில் இருந்த சட்டப்படி அதில் தவறில்லை என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. இதே மாதிரி எம்.ஏ.வை ஏற்றுத் திருத்திய ஆர்டரை 2024ல் ஏ.என்.ஐ. இன்டக்ரேட்டட் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னால் வந்த தீர்ப்பு மறுஆய்வுக்குக் காரணமாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொல்கிறது, ரிலையன்ஸ் டெலிகாமில் டிபார்ட்மென்ட் பிடித்துக்கொண்ட அதே 47ஆம் ஆணைதான்! எதிர்த்தரப்பு சௌராஷ்டிரா கட்ச் தீர்ப்பைக் காட்டும், அதற்குப் பதில் தயாராக வையுங்கள். அவர்கள் எம்.ஏ. ஆறு மாதத்துக்குள் போட்டதுதானா என்றும் பாருங்கள், கெடு அவர்களுக்கும்தான்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): நோட்டீஸ் பழைய மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. நான் வரவில்லை என்று அப்பீலைத் தள்ளிவிட்டார்கள் ஐயா.

பதில்: உங்கள் நிலைமை மற்றவர்களைவிடப் பரவாயில்லை ஐயா. தீர்ப்பாய விதி 24ன்படி, வராமல் போனதற்குத் தக்க காரணம் காட்டினால் ஆர்டரை நீக்கிவிட்டு மீண்டும் விசாரிக்கலாம். ஆள் வரவில்லை என்பதற்காக மட்டும் அப்பீலைத் தள்ளக்கூடாது, தகுதியைப் பார்த்தே முடிக்க வேண்டும் என்று 1969லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது நம் ஊரிலிருந்து போன சென்னியப்ப முதலியார் வழக்கு. பழைய மின்னஞ்சல் எப்போது செயலிழந்தது என்று ஒரு பிரமாணப் பத்திரம் போடுங்கள். விதி 24க்கு ஆறு மாதக் கெடு கிடையாது என்று வாதாடலாம்தான், ஆனாலும் உள்ளேயே போட்டுவிடுங்கள். எதற்கு வம்பு?

கேள்வி (மில் கணக்காளர், ராஜபாளையம்): நாங்கள் நேரத்துக்குப் போட்டோம். ஆறு மாதம் தாண்டியும் விசாரணைக்கு வரவில்லை. மனு செத்துவிடுமா?

பதில்: சாகாது. ஸ்ரீ அய்யனார் ஸ்பின்னிங் வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். கெடுவுக்குள் மனு போட்டுவிட்டால் தீர்ப்பாயம் எப்போது முடித்தாலும் செல்லும்.

கேள்வி (வழக்கறிஞர், திருச்சி): எம்.ஏ. முடிவைப் பார்த்துவிட்டு உயர் நீதிமன்றம் போகலாம் என்கிறார் கட்சிக்காரர். சரி என்று விடலாமா?

பதில்: விடாதீர்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உயர் நீதிமன்றத்தில் போடும் 260ஏ பிரிவு அப்பீலுக்கு ஆர்டர் கிடைத்ததிலிருந்து 120 நாள், எம்.ஏ.வுக்கு ஆறு மாதம். நிதானமாக எம்.ஏ. போடுகிறவருக்கு அதற்குள்ளேயே அப்பீல் கெடு முடிந்துவிடுகிறது. மேலே ஈரோட்டுக்காரர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜூன் 20 கிடைத்தால் அக்டோபர் 18க்கு 120 நாள் முடிகிறது. எம்.ஏ. நிலுவையில் இருப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. தாமதத்தை மன்னிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கெஞ்சிக்கொண்டு போய் நிற்க வேண்டும். எம்.ஏ. தள்ளுபடியானால் அந்த ஆர்டர் மேல் 260ஏ அப்பீல் கிடையாது என்பதுதான் பல உயர் நீதிமன்றங்களின் நிலை, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே. சட்டக் கேள்வி ஏதாவது இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே போடுங்கள்.

கேள்வி (வரி ஆலோசகர், நாகர்கோவில்): ஜி.எஸ்.டி. தீர்ப்பாயத்துக்கும் இதே ஆறு மாதமா?

பதில்: இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 113(3)படி ஆர்டர் தேதியிலிருந்து மூன்றே மாதம், மாதக் கடைசி என்ற சலுகையும் கிடையாது. சுங்க, கலால் தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதம், அதுவும் ஆர்டர் தேதியிலிருந்து. பழக்க தோஷத்தில் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி (மளிகைக் கடை, விழுப்புரம்): இதற்கு ரொம்பச் செலவாகுமா? எப்படி எழுத வேண்டும்?

பதில்: வரி செலுத்துபவருக்குக் கட்டணம் ஐம்பது ரூபாய். தீர்ப்பாய விதி 34ஏ மூன்று பிரதி கேட்கிறது, தவறைத் தெளிவாக, சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறது. பார்த்த உடனே மறுஆய்வு மனு என்று பட்டால் விசாரணைக்கே போடாமல் தள்ளலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. பத்துப் பக்கம் “தீர்ப்பாயம் புரிந்துகொள்ளத் தவறிவிட்டது” என்று எழுதினால் அந்தக் கதிதான். எந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது, ரெக்கார்டின் எந்தப் பக்கம் வேறாகச் சொல்கிறது, என்ன மாற்ற வேண்டும், இது ஒன்றரைப் பக்கத்தில் அடங்கும். ஆர்டர் காப்பியையும் ரெக்கார்டின் அந்த ஒரு பக்கத்தையும் பின்னால் சேர்த்துவிடுங்கள்.