பட்ஜெட்டில் ஒரு சின்ன வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலைகளுக்கு நகர நிர்வாகம் கொடுக்கும் நிதியை நெருக்கடியான வருடங்களிலும் நிறுத்தக் கூடாது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் பட்ஜெட்டில் துண்டு விழும். எங்கே வெட்டலாம் என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது என் வேலை. குடிநீர்க் குழாய் உடைந்தால் ஆயிரம் பேர் திட்டுவார்கள். நாடக மானியம் நின்றால் பத்துப் பேர் மனு கொடுப்பார்கள். அந்த நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் வசதியானவர்கள். நல்ல கலை என்றால் ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக் காப்பாற்ற மாட்டார்களா? துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தைத் தள்ளிப்போட்டு இசைக்குழுவுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

கே.

அன்புள்ள கே.,

சம்பளத்தைத் தள்ளிப்போட மனசு வரவில்லை என்கிறீர்கள். வரவே கூடாது. சம்பளம்தான் முதலில். ஆனால் இசைக்குழுவுக்குக் கொடுக்காமல் விட்டால் அந்தச் சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் கையை விரித்துவிட்டது. பெண் ஊழியர்களுக்குப் பல வருடங்களாகக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் பாக்கி ஒரு பக்கம், சொதப்பிய கணினித் திட்டம் இன்னொரு பக்கம். இரண்டு வருடத்தில் சுமார் 30 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த பட்ஜெட்டில் நகரத்தின் சிம்பொனி இசைக்குழு, நாடக அரங்கு, பாலே குழு ஆகியவற்றுக்குத் தந்துவந்த மானியத்தை முதல் வருடம் பாதியாக்கி, இரண்டாம் வருடம் அடியோடு நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். மக்கள் நகரத்துக்குக் கட்டும் வரியும் பத்து சதவீதம் ஏறியது. அந்தப் பள்ளத்தைத் தோண்டியது வயலின்காரர்கள் இல்லை. அவர்கள் பணத்தை முழுசாக எடுத்துப் போட்டாலும் அது பள்ளத்தில் ஒரு கைப்பிடி மண். பல நகரங்களில் கலை கட்டாயச் செலவில் சேராது. அதனால்தான் முதல் வெட்டு அங்கே விழுகிறது. வெட்டுவது எளிது என்பதால் வெட்டுகிறோம், அதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது டிக்கெட். இருநூறு வருடங்களுக்கு முன், இசையமைப்பாளர் பீத்தோவனின் காலத்தில், தந்தி வாத்தியங்களுக்கான ஒரு படைப்பை வாசிக்க நாலு பேரும் அரை மணி நேரமும் தேவைப்பட்டன என்றால், இன்றைக்கும் அதே நாலு பேர், அதே அரை மணி. தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் செய்கிற பொருள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது, அதோடு கூலியும் ஏறிவிட்டது. அந்த நாலு பேருக்கும் ஊரோடு ஒத்த கூலி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர்களால் இருமடங்கு வேகமாக வாசித்துக் காட்ட முடியாது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் இதை விரிவாக எழுதினார்கள். செலவுக்கும் வசூலுக்கும் இடைவெளி விழுவது இந்தத் தொழிலின் இயல்பு. அதற்கும் கலைஞனின் சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. டிக்கெட்டே காப்பாற்றட்டும் என்று விட்டால் டிக்கெட் விலை ஏறும். அப்போது அரங்கில் யார் மிஞ்சுவார்கள்? நீங்கள் குறை சொல்கிற அதே வசதியானவர்கள்.

அந்தக் குறை நியாயமானது. நானும் பார்த்திருக்கிறேன். பொதுப் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் முன்வரிசை முழுக்க அழைப்பிதழ்காரர்கள். அதற்கு மருந்து மானியத்தோடு நிபந்தனை வைப்பதுதான். இத்தனை இருக்கைகள் குறைந்த விலையில், இத்தனை நிகழ்ச்சிகள் ஊரின் கடைசித் தெருவில், இத்தனை பள்ளிகளில் வகுப்பு என்று எழுதி வாங்குங்கள். செய்யாதவர்களுக்கு அடுத்த வருடம் கொடுக்காதீர்கள். நான் உங்கள் பக்கம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளமையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் இருந்தேன். நகர நிர்வாகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய கூடத்தை வாடகை இல்லாமல் கொடுத்திருந்தார்கள், கூடவே ஒரு சிறு தொகை. கூடத்தின் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள்: இங்கே கதவு, இங்கே கிணறு, இங்கே அம்மா உட்காரும் திண்ணை. விளக்குப் பொறுப்பு ஒரு எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது. பகலில் ஊர் வேலை, சாயங்காலம் எங்களோடு. சாவுக் காட்சி ஒன்றில் அவர் விளக்கைக் குறைப்பார். கைப்பிடியில் விரலை வைத்து, நடிகையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து இறக்குவார். எப்போது இருட்டானது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் மாறும், ஏனென்றால் அவளுடைய மூச்சு மாறும்.

ஒரு வருடம் நிதி நெருக்கடி என்று தொகை நின்றது. கூடத்தைக் கிடங்காக்கினார்கள். மூன்று வருடம் கழித்துப் பணம் திரும்பி வந்தது, முன்பைவிடக் கூடுதலாகவே. ஆனால் எலெக்ட்ரீஷியன் வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தார். நடிகைக்கு இரண்டு குழந்தைகள், சாயங்காலங்கள் அவள் கையில் இல்லை. எஞ்சியவர்கள் இரண்டு முறை கூடினோம், அப்புறம் கூடவில்லை. சாலை போடுவதை மூன்று வருடம் தள்ளிப்போட்டால் குழி பெரிதாகும், செலவு கூடும், ஆனால் ஒருநாள் போட்டுவிடலாம். சேர்ந்து பழகிய பத்துப் பேர் கலைந்தால் எந்த டெண்டரிலும் அவர்களைத் திரும்ப வாங்க முடியாது.

அதனால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இந்த வரிசையில் வெட்டுங்கள். முதலில் ஆடம்பர விழா. அடுத்தது புதிய கலை அரங்கக் கட்டடம், அது ஐந்து வருடம் காத்திருக்கட்டும். ஒத்திகைக் கூடம், வாராவாரம் நடக்கும் வகுப்பு, அங்கே சொல்லிக்கொடுப்பவரின் சம்பளம் ஆகியவற்றில் கடைசிவரை கை வைக்காதீர்கள். நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. விழாவில் புகைப்படம் எடுக்கலாம், ஒத்திகையில் எடுக்க ஒன்றுமில்லை.

பத்துப் பேர்தான் மனு கொடுப்பார்கள் என்றீர்கள். மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தோமா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1967-இல் கேட்டார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இரவலாகத் தொங்கிய இரண்டு பிக்காசோ ஓவியங்களை உரிமையாளர்கள் விற்கவேண்டிய நிலை. விலை 84 லட்சம் பிராங்க். 60 லட்சத்தைப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க முடிவானது, மீதியை மக்கள் திரட்ட வேண்டும். தெருவில் விழா எடுத்து, அதற்குப் பிச்சைக்காரர் விழா என்றே பெயர் வைத்துக் கையேந்தினார்கள். பொதுப் பணத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 32 ஆயிரம் பேருக்கு மேல் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் சுமார் 27 ஆயிரம். செய்தி பிக்காசோவுக்குப் போனது. 86 வயது அவருக்கு. அந்த ஊருக்கு இன்னும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார்.

பாசெல் பணக்கார ஊர், சரி. அமெரிக்காவின் டெட்ராய்ட் 2013-இல் திவாலான ஊர். அதற்கு முந்தைய வருடம்தான் அந்தப் பகுதியின் மூன்று கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மக்கள் தங்கள் ஓவியக் கூடத்துக்காகச் சொத்துவரியில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வாக்களித்திருந்தார்கள். திவாலானபோது ஓவியங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற பேச்சு வந்தது. நகர ஊழியர்களின் ஓய்வூதியமா ஓவியமா என்று உங்கள் கேள்வியைப் போலவே கேட்டார்கள். 2014-இல் அறக்கட்டளைகள், மாநில அரசு, ஓவியக் கூடம் மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் ஓய்வூதியத்துக்குத் தர ஒப்புக்கொண்டன. ஓய்வூதியம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய வெட்டிலிருந்து தப்பியது. ஓவியங்கள் சுவரிலேயே இருந்தன.

நீங்கள் நேர்மையாகக் கேட்டதால் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பட்ஜெட்டில் கலை மானியம் என்ற அந்த வரி உங்கள் மேசைக்கு வரும்போது, அந்தத் தொகையில் எவ்வளவு கட்டடத்துக்கும் பந்தலுக்கும் போகிறது, எவ்வளவு மனிதர்களுக்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு சாயங்காலம் ஏதாவது ஒரு ஒத்திகைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.